வேடிக்கை மரத்துல குத்தின இலை

குளத்தங்கரையில ஒரு நீர்மருத மரம். அந்தக் காட்டுல அதுக்குப் பேரே வேடிக்கை மரம்தான்.

சாயங்காலம் தண்ணி குடிக்க வர்றவங்க, குடிச்சு முடிச்சதும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. தலையைத் தூக்கி, வாயில தண்ணி சொட்டச் சொட்ட, அந்த மரத்தையே பாத்துட்டு நிப்பாங்க. மரம் முழுக்கப் படம். இலையில கீறின படம், முள்ளால குத்தி வெச்ச படம். தூக்கணாங்குருவி தன் கூட்டை வரைஞ்சு குத்தியிருக்கும். மயில் தன்னையே வரைஞ்சு குத்தியிருக்கும், அது வேற எதை வரையும்! காத்து அடிச்சா அத்தனை இலையும் மெதுவா ஆடும். குளத்துக்குள்ள அத்தனையும் தலைகீழா ஆடும். எது மரம், எது தண்ணின்னு தெரியாம மானெல்லாம் நின்னபடியே கண்ணு சொக்கும்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒரு படம் புடிச்சுதுன்னா, அதே மாதிரி இன்னொரு இலையில கீறி எடுத்துட்டுப் போய், அவங்கவங்க வீட்டு மரத்துல குத்திக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

அந்தக் குளத்துக்குப் பின்னாடி ஒரு குன்று. குன்றைத் தாண்டி ஒத்தையடிப் பாதை. பாதையோட கடைசியில ஒரு வளை. அந்த வளையிலதான் ஊசிமல்லின்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தா.

ஊசிமல்லி வேரோட கதை சொல்றவ. மண்ணைத் தோண்டித் தோண்டி, வேர்ல காதை வெச்சு வெச்சு, எந்த வேர் எங்க போகுது, போற வழியில என்ன பாத்துச்சுன்னு அவளுக்கு அத்தனையும் தெரியும். புளிய வேர் பாறையோட சண்டை போட்டு ஜெயிச்ச கதை தெரியும். ரெண்டு அத்தி வேர் இருட்டுல தெரியாமத் தொட்டுக்கிட்டு, அப்புறம் பிரியவே மாட்டேன்னு நின்ன கதை தெரியும். கேக்கத்தான் ஆள் இல்ல.

வாசல் வழியா எறும்புங்க போகும். "கொஞ்சம் நில்லுங்கடி, ஒரு கதை சொல்றேன்!"ம்பா.

"நிக்கவா? எங்களுக்கு வேலை இருக்கு! வழிய விடு!"

கதை கேக்க ஆள் வராதது மட்டும்னா தொலையட்டும்னு விட்டிருப்பா. ஆனா அவ வளைக்கு வர்ற பாதையே மறைஞ்சுட்டு இருந்துச்சு. காட்டுல பாதையைக் காப்பாத்துறது காலுதான். கால் படாத பாதையை உண்ணிச்செடி தின்னுரும். ரெண்டு பக்கமும் அந்த முள்ளுப் புதர் கையை நீட்டி நீட்டிக் கிட்ட வந்துட்டு இருந்துச்சு. அதுக்குள்ள ஊசிமல்லியால நுழையவே முடியாது. இவ முள்ளு அதுல மாட்டும், அது முள்ளு இவகிட்ட மாட்டும். பாதை மூடுச்சுன்னா யாரும் உள்ள வர முடியாது, இவளும் வெளிய போக முடியாது. கெழங்கைத் தின்னுட்டு உயிரோட கெடக்கலாம். பேசத்தான் ஆள் இருக்காது. வாய் ஓயாத ஊசிமல்லிக்கு அது சாவு மாதிரி.

அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி, நூலாயின்னு ஒரு தையல் சிட்டு. இலையோட இலையைச் சேத்துத் தைச்சுக் கூடு கட்டுற சின்னக் குருவி. அவதான் ஒருநாள் யோசனை சொன்னா.

"அக்கா! நீ இங்க உக்காந்து கத்தினா யாருக்குக் கேக்கும்? வேடிக்கை மரத்துல உன் கதையைப் படமாக் குத்து. படத்தைப் பாத்தா ஆள் வரும், ஆள் வந்தா கால் வரும், கால் வந்தா பாதை தப்பிக்கும்!"

"குத்த முள்ளு வேணுமே?"

"உன் முதுகைத் திரும்பிப் பாரு!"

ஊசிமல்லி ஒரு தேக்கிலையை எடுத்தா. கொழுந்து தேக்கைக் கசக்கினா செவப்புச் சாறு வரும். அதுல நகத்தைத் தொட்டு, தனக்குத் தெரிஞ்ச அத்தனை வேரையும் ஒரே இலையில வரைஞ்சா. மரத்தோட அடியில, கைக்கு எட்டுன எடத்துல, படுக்கை வாட்டுல குத்திட்டு, ஒதுங்கி நின்னு பாத்தா.

ஒரு காட்டுப்பன்னி வந்துச்சு. இலைக்கு நேரா நின்னுச்சு. பன்னி திரும்பி, அந்த இலை மேலயே முதுகைத் தேச்சு அரிப்பு தீத்துட்டுப் போயிருச்சு!

"இதென்ன தங்கச்சி, படமா? பூச்சி அரிச்ச இலைன்னு நெனச்சேன்!" மேலே கிளையில இருந்து ஒரு குரல். வண்ணமுத்து. பச்சோந்தி. ஒரு கண்ணு அவளைப் பாக்குது, இன்னொரு கண்ணு கூட்டத்தைப் பாக்குது.

"உனக்கு இருக்குறது ஒரு தோலு. அதையே நாளுக்கு ஒரு கலர் மாத்துற. நீ என் படத்தைச் சொல்றியா?" முள்ளெல்லாம் சலசலன்னு சிலிர்த்துக்கிச்சு.

"கோவப்படாத! நீளமான இலையா எடுக்கணும். நிக்க வெச்சுக் குத்தணும். கண்ணு மட்டத்துக்குக் குத்தணும். அத்தனையும் ஒரே இலையில திணிக்கக் கூடாது. நான் வரைஞ்சு தரேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். கூட்டம் 'ஆஹா'ன்னு சொல்லணும், அது போதும். ஆஹா கேட்டாத்தான் என் தோலு மினுங்கும்!"

அவன் சொன்னதுல ஞாயம் இருந்துச்சு. அதனால ஊசிமல்லி சரின்னா.

காட்டுவாழை இலை எடுத்தான். சங்குப்பூவைப் புழிஞ்சு நீலம், மஞ்சக் கெழங்கை நசுக்கி மஞ்சள். வேருக்குக் கீழே ஒரு குளம். குளத்துக்குள்ள நிலா. நிலாவைச் சுத்திச் சிறகு வெச்ச மீன். கீழ ஒரு வரி: 'வேருக்கடியில நிலாக்குளம்!'

"இது என் கதையில இல்லியே?"ன்னா ஊசிமல்லி.

"கதையை யாரு கேட்டா? படத்தைப் பாரு!"

அன்னைக்குச் சாயங்காலம் குளத்தங்கரையே மூச்சை அடக்கிக்கிச்சு. தண்ணியில விழுந்த அந்த நீலம் அலையோட அலையா விரிஞ்சுது. ஆமைங்க அதுக்குள்ள நீந்திப் பாத்துதுங்க. "ஆஹா!"ன்னுது மான். "ஆஹா!"ன்னுது மந்தி. வண்ணமுத்து தோலு வானவில்லா மினுங்குச்சு. ஆளாளுக்கு இலை பறிச்சு, அதே படத்தைக் கீறி எடுத்துட்டுப் போனாங்க. காட்டுல எந்த மரத்தைப் பாத்தாலும் நிலாக்குளம். எல்லார் தூக்கத்துலயும் சிறகு மீன்.

ஊசிமல்லி வாசலைக் கூட்டிட்டு உக்காந்தா. வருவாங்க வருவாங்கன்னு பாத்தா. ஒரு கால் வரல.

குளத்தங்கரைக்கு ஓடி, ஒரு பெண்மானைப் புடிச்சுக் கேட்டா. "படம் புடிச்சுதுல்ல? ஏன் வரல?"

"அதான் எங்க வீட்டு மரத்துல குத்தி வெச்சிருக்கேனே அக்கா! அப்புறமா வரேன்!"

"அப்புறமான்னா எப்ப?"

"அப்புறமா!" மானு கண்ணு பாதி மூடியிருந்துச்சு. அது ஏற்கெனவே நிலாக்குளத்துல நீந்திட்டு இருந்துச்சு.

ஊசிமல்லிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "யோவ் வண்ணமுத்து! உன் ஆஹாவை வெச்சு நான் பாதையை வெட்டவா? ஊரெல்லாம் என் படம், வாசல்ல ஒரு காலடி இல்ல!"

வண்ணமுத்து ஒரு கண்ணை மட்டும் சுழட்டினான். "அப்ப ஒரே ஒரு வரி சேப்போம். 'நிலாக்குளம் ஊசிமல்லி வளையில இருக்கு, வந்தா ஆளுக்கு ஒரு மீன்.' பாரு அப்புறம்!"

"அங்க குளமும் இல்ல, மீனும் இல்ல!"

"வரட்டும். வந்தப்புறம் நீ உன் கதையைச் சொல்லு. வந்தவங்க ஓடியா போயிருவாங்க?"

ஊசிமல்லி பாதையைத் திரும்பிப் பாத்தா. காலையில வந்தப்ப கூட முதுகுல உண்ணிமுள்ளு உரசியிருந்துச்சு. மனசு வேண்டாம்னுச்சு. பயம் எழுதுன்னுச்சு. எழுதிட்டா.

வந்தாங்க! அம்மாடி, என்ன கூட்டம்! மானு, மந்தி, நரி, முயல், எல்லாத்துக்கும் முன்னாடி தேனப்பன் கரடி. உண்ணிச்செடி ரெண்டு பக்கமும் முறிஞ்சு விழுந்துச்சு, பாதை அகலமாச்சு. ஊசிமல்லிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"வாங்க, வாங்க! உக்காருங்க! ஒரு மருத வேர் இருக்கு, அது..."

"வேரா?"ன்னான் தேனப்பன். "குளம் எங்க?"

"கேளுங்க, இந்த எடத்துலதான், கீழ..."

"மீன் எங்க?"

"மீன்... அது படத்துக்காக..."

"அப்ப பொய்யா! இவ்வளவு தூரம் என்னை நடக்க விட்டுட்டியா!" தேனப்பன் தரையை ஓங்கி ஓங்கி மிதிச்சான். மந்திங்க மண்ணை வாரி வளைக்குள்ள போட்டுதுங்க. ஊசிமல்லி கத்திக் கத்திச் சொல்லிப் பாத்தா. குளத்தைத் தேடி வந்த காதுல கதை ஏறுமா? ஏறல. போற வழியில வேடிக்கை மரத்துல இருந்த அவ முள்ளு அத்தனையையும் புடுங்கிக் குளத்துல எறிஞ்சாங்க. வீட்டு மரத்துல இருந்த நிலாக்குளத்தையும் கிழிச்சுப் போட்டாங்க. வண்ணமுத்து? பட்டை நெறத்துக்கு மாறி மரத்தோட மரமா ஒட்டிக்கிட்டான்.

மழை வந்துச்சு. முறிஞ்ச உண்ணிச்செடி, வெறி புடிச்ச மாதிரித் தழைச்சுது. பாதை மூடிருச்சு.

ஊசிமல்லி உள்ள. மழை வெளிய. பனி மாதிரி ஒரு வெள்ளை வெளிச்சம் புதருக்கு மேல தொங்குச்சு. செய்ய வேற ஒண்ணும் இல்லாம அவ தரையில காதை வெச்சுப் படுத்தா. கீழ மருத வேர் என்னமோ முணுமுணுத்துட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் கேட்டா. கேக்கக் கேக்க, கோவமெல்லாம் மண்ணுக்குள்ள வடிஞ்சு போன மாதிரி இருந்துச்சு.

நூலாயி புதர் இடுக்குல பூந்து வந்தா. "அக்கா! இருக்கியா?"

"எங்க போவேன்? உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த நெலம!"

"நான் படம் குத்துன்னுதான் சொன்னேன். பொய் குத்துன்னா சொன்னேன்?"

ஊசிமல்லி எழுந்து உக்காந்து, முதுகுல இருந்து ஒரு முள்ளை உருவினா.

"உன்னால எவ்வளவு தூக்கிட்டுப் பறக்க முடியும்?"

"சின்ன இலை ஒண்ணு. முள்ளு ஒண்ணு. அதுக்கு மேல என் றெக்கை தாங்காது."

சின்ன இலைன்னா நிலாவுக்கு எடம் இல்ல. சிறகு மீனுக்கும் எடம் இல்ல. ஊசிமல்லி மிச்சமிருந்த தேக்குச் சாறுல ஒரே ஒரு வேரை வரைஞ்சா. மருத வேர். இலையோட ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு, வளைஞ்சு நெளிஞ்சு, இன்னொரு ஓரத்துல பாதியில நின்னு போச்சு. கீழ எழுதினா: 'நீங்க அண்ணாந்து பாக்குற மரம்தான் இது. இதோட வேர் எங்க போய்த் தண்ணி குடிக்குது? குளமும் இல்ல, மீனும் இல்ல. கதை மட்டும்தான் இருக்கு. ஊசிமல்லி.'

"நிக்க வெச்சுக் குத்து. கண்ணு மட்டத்துக்குக் குத்து"ன்னா. "அந்தப் பச்சோந்தி சொன்னதுல அது மட்டும் சரி. முள்ளோட முனை என் வளைப் பக்கமாப் பாக்கட்டும்."

இலை தொங்குச்சு. யாரும் ஆஹா சொல்லல. யாரும் கீறி எடுத்துட்டுப் போகல. மழை விட்ட ஒரு சாயங்காலம் தேனப்பன் மட்டும் அதுக்கு முன்னாடி நின்னான். விலகி நடந்தான். திரும்பி வந்தான். தலையைச் சொறிஞ்சான்.

"அது என்ன பாதியில நிக்குது? பக்கத்துலயே குளம் இருக்குறப்ப, வேர் எங்க போய்க் குடிக்கும்?"

கரடிக்கு ஒரு கேள்வி உள்ள பூந்துருச்சுன்னா தேன் கூட இனிக்காது. முள்ளு காட்டுன பக்கமா நடந்தான். உண்ணிப் புதரை நெஞ்சால முட்டித் தள்ளிக்கிட்டே கத்தினான்.

"ஏய் ஊசிமல்லி! இந்தத் தடவையும் பொய்யா இருந்துச்சு, உன் முள்ளைப் புடுங்கிப் பல்லு குத்துவேன்!"

"வாய்யா! பல்லு குத்த முள்ளு நானே தரேன்! மொதல்ல கீழ படு!"

"படுக்கவா?"

"காதைத் தரையில வை. வாயை மூடு. அது ரெண்டும் ஒண்ணாச் செய்ய முடியுமா உனக்கு?"

தேனப்பன் முறைச்சான். ஆனாலும் படுத்தான். காதை வெச்சான்.

மொதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம், ரொம்ப ஆழத்துல, குளுகுளுகுளுன்னு ஒரு சத்தம். யாரோ தூக்கத்துல பேசுற மாதிரி. யாரோ ஒருத்தர் மெதுவா, நிதானமா, தண்ணி குடிக்கிற மாதிரி.

"என்னது அது?" அவன் குரல் தணிஞ்சு போச்சு.

"மருத வேர் குடிக்கிற சத்தம். குளத்துத் தண்ணியை உங்களுக்கு விட்டுட்டு, அது குன்றுக்கு அடியில இவ்வளவு தூரம் நடந்து வந்து, இங்க இருக்குற ஊத்துல குடிக்குது. நடந்து வந்த கதையைச் சொல்லவா?"

"இங்கயா? அன்னைக்கு நான் மிதிச்ச எடத்துலயா?"

"அதே எடத்துல."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீ மீன் கேட்டுட்டு இருந்த. பொய் சொல்லிக் கூப்பிட்டது நான். உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல."

தேனப்பன் எழுந்திருக்கல. "சரி, சொல்லு"ன்னான். ஊசிமல்லி சொன்னா. வெயில் சாஞ்சு, புதருக்கு மேல இருந்த வெளிச்சம் பொன்னாகி, செவப்பாகி, மங்கிச்சு. கரடி காதைத் தரையில இருந்து எடுக்கவே இல்ல.

மறுநாள் அவன் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தான். அந்த ரெண்டு பேரு இன்னும் சில பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. பெரிய கூட்டம் இல்ல. ஆனா தெனமும் கால் பட்டுச்சு. உண்ணிச்செடி கையை நீட்டிப் பாத்து, நீட்டிப் பாத்து, சலிச்சுப் பின்வாங்கிருச்சு.

ஒருநாள் வண்ணமுத்தும் வந்து சேந்தான். "எல்லாம் என் யோசனைதானே தங்கச்சி? நிக்க வெச்சுக் குத்துன்னு யாரு சொன்னா?"ன்னு இளிச்சான்.

"நீதான் சொன்ன, அதை நான் மறுக்கல. இப்ப அந்த ரெண்டு கண்ணையும் மூடு. காதைக் கீழ வை."

வெச்சான். கொஞ்ச நேரத்துல அவன் தோலுல இருந்த நெறமெல்லாம் ஒவ்வொண்ணா அணைஞ்சு, யாருக்கும் காட்ட வேண்டாத மண்ணு நெறத்துல, நிம்மதியாத் தூங்கிப் போனான்.

ஊசி போன வழியிலதான் நூல் வரும்: பொய்யைக் குத்திக் கூப்பிட்டா கோவம்தான் கூட வரும், உள்ளதைக் குத்திக் கூப்பிட்டா கேக்குற காது வரும்.