மகன் மாதிரி

வயசான ஒருத்தரைப் பார்த்து, "என்னை உங்க மகன் மாதிரி நினைச்சுக்கோங்க" என்று நீங்கள் எப்போதாவது சொன்னதுண்டா? அருணகிரி வாத்தியார் சொன்னார். சொல்லி மாட்டிக்கொண்டார்.

முப்பத்து நாலு வருசம் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, பேச்சியம்மாளின் மடத்துக்குச் சீடராக வந்தவர் அவர். பேச்சியம்மாளுக்கு நாற்பது வயசுதான். ஆனாலும் இவருக்கு அவள் "அம்மா". அந்த மடத்தில் பூஜை இல்லை, பிரசங்கம் இல்லை. எழுந்து நடக்க முடியாத ஆறு பேர் இருந்தார்கள். புதுச் சீடருக்கு அவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிற வேலை.

ஆறு பேரில் மாசானம் ஒருத்தர். லாரியில் மூட்டை ஏற்றிய உடம்பு, இப்போது படுத்த படுக்கை. அவரிடம்தான் வாத்தியார் வந்த அன்றைக்கே கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். மாசானம் அப்படியே நம்பிவிட்டார். "ஏலே அருணகிரி, சத்தமா வாசிலே. காதுல பஞ்சா வச்சிருக்கேன்?" என்று உரிமையாக அதட்டுவார். வாத்தியாருக்கு அதில் ஒரே பெருமை.

பத்தாம் நாள் காலையில் மாசானம் கூப்பிட்டார்.

"ஏலே, வயித்தால போயிட்டு. கழுவி விடுலே."

வாத்தியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதோ, யாரையாவது அனுப்புறேன்" என்றார். கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் மாசானத்துக்கு வேட்டி மாற்றி முடித்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஐயா..."

"ஒண்ணுமில்ல சார். நீங்க போங்க."

சார்! வாத்தியாருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மத்தியானம் தட்டில் போட்ட சோறு காய்ந்துபோனது. பேச்சியம்மாள் அரிசி புடைக்கிற இடத்தில் போய் நின்றார்.

"அம்மா, அவர்கிட்ட மகன் மாதிரின்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் முறத்தைத் தட்டினாள். "மாதிரிங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன வாத்தியாரே?"

"லைக்."

"அந்தச் சொல்லு எங்க பொறந்துச்சு?"

பாடம் என்றதும் வாத்தியாருக்குக் குரல் வந்துவிட்டது. "ஆதி இங்கிலீஷ்ல உடம்புக்கு ஒரு சொல்லு உண்டும்மா. அதுலருந்து பொறந்ததுதான். ஒண்ணு இன்னொண்ணு மாதிரி இருக்குன்னா, ரெண்டுக்கும் ஒரே உடம்புன்னு அர்த்தம். அவருக்கு வலிச்சா எனக்கும்..."

கரும்பலகை முன்னால் பாடம் மறந்தவர் போல நின்றார்.

"எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்பீங்க?"

"நெறையப் பேருக்கு."

"நல்ல சொல்லு." பேச்சியம்மாள் ஒரு கல்லைப் பொறுக்கி வீசினாள். "உங்க அப்பாவும் படுக்கையில கிடந்துதான் போனார்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா. ரெண்டு வருசம்."

"அவருக்கு யாரு கழுவி விட்டது?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "ஆள் போட்டிருந்தோம்மா."

"கிட்ட நிப்பீங்களா?"

"இல்ல. அந்த நேரத்துக்குக் கடைத்தெருவுக்குப் போயிருவேன்."

"அப்ப எதுக்கு வருத்தப்படுறீங்க? நீங்க பொய் சொல்லலையே வாத்தியாரே. மகன் மாதிரியேதான் நடந்துருக்கீங்க."

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள்.

சாயங்காலம் உடம்பு துடைத்துவிடுகிற நேரத்தில், மாசானத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர் வந்து உட்கார்ந்தது. தூக்கிவந்ததில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது.

மாசானம் திரும்பிப் பார்த்தார். "நீங்க எதுக்கு சார்? அந்த அம்மா வரட்டும்."

வாத்தியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"எனக்கு இது பழக்கமில்லைங்கய்யா. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."