மறக்க முடியாத நூல்

மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் அந்த மடம் இருந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர் உமையாள் அம்மா. அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

சங்கரநயினார் அவர்களில் ஒருவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ரயில் போனால் அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிய சின்னச் சின்ன ஸ்டேஷன்களிலேயே அவர் காலம் கழிந்தது. அந்த நேரமெல்லாம் படித்தார். இன்னதுதான் என்று கிடையாது. துப்பறியும் நாவல், கடற்பயணம், சித்த மருத்துவம், சரித்திரம், சமையல், கவிதை, எது கையில் கிடைத்தாலும் சரி. படித்ததையெல்லாம் நீளமான நோட்டுகளில் குறித்து வைத்தார். நூலின் பெயர், என்ன வகை, தொடங்கிய நாள், முடித்த நாள், கடைசியில் ஒரே வரியில் அபிப்பிராயம். மடத்துக்கு வந்தபோது அவருடைய துணிப்பையைவிட நோட்டுக் கட்டு கனமாக இருந்தது.

ஒரு மழைநாள் காலையில் அவர் உமையாள் அம்மாவிடம் வந்து நின்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் மடத்தை விட்டுப் போறேன்."

"உட்காருங்க ஐயா. எங்க போறீங்க?"

"ஏதாவது முதியோர் இல்லம் பார்க்கணும். எனக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. நாளைக்கு உங்களுக்கு பாரமா ஆயிடக் கூடாது."

அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"டவுன் லைப்ரரியில தேனீ வளர்ப்பு பத்தி ஒரு புத்தகம் எடுத்தேன். ரசிச்சு ரசிச்சுப் படிச்சேன். முடிச்சிட்டு நோட்டுல எழுதப் போனா, அதே புத்தகத்தை ஏற்கெனவே படிச்சு எழுதி வச்சிருக்கேன். என் கையெழுத்துதான்."

"அபிப்பிராயம்னு என்ன எழுதியிருந்தீங்க?"

நயினார் தரையைப் பார்த்துச் சொன்னார். "மறக்க முடியாத நூல்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நயினாரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"ஒரு வரிகூட ஞாபகம் வரலம்மா. அப்புறம் எல்லா நோட்டையும் எடுத்துப் புரட்டினேன். பாதிக்கு மேல எனக்கு வெறும் பேரு மட்டும்தான். உள்ளே என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல. எங்க அண்ணனுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது. பேசிக்கிட்டே இருப்பார், நடுவுல வார்த்தை வராம நின்னுடுவார். அப்புறம் நடக்காததை எல்லாம் நடந்த மாதிரி சொன்னார். கடைசியில பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டார்."

அவர் கீழே கிடந்த கீரைக்கட்டையே பார்த்தார்.

"ஆயுசு பூரா படிச்சேன். படிச்சதெல்லாம் எங்க போச்சும்மா?"

அம்மா பதில் சொல்வதற்குள் வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது.

வந்தவர் ஒரு லாரி டிரைவர். பெயர் செங்கோட்டுவேல். நாமக்கல் பக்கம். தொப்பலாக நனைந்திருந்தார். மேலே ஒரு வளைவில் லாரி வழுக்கிப் பாறையில் மோதிவிட்டது. கூட வந்தவருக்கு நெஞ்சில் பலத்த அடி. கீழே போன ஜீப் ஒன்றில் ஒருவரைத்தான் ஏற்ற இடம் இருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இவர் நடந்தே இறங்கி வந்திருக்கிறார். அதற்குள் மடத்துக்குக் கீழே ஒரு பெரிய மரம் மின்கம்பிகளோடு சாய்ந்து, ஆள்கூடக் கடக்க முடியாதபடி சாலை அடைபட்டுவிட்டது. போனிலும் சிக்னல் இல்லை.

"அடிபட்டது என்ற தங்கச்சி மாப்பிள்ளைங்க. நாந்தானுங்க வண்டி ஓட்டுனேன். தங்கச்சிக்கு என்னங்க பதில் சொல்லுவேன்? காட்டு வழியா எறங்கிப் போயிடறனுங்க."

"ஓடையில தண்ணி இடுப்புக்கு மேல போகுது. இப்போ இறங்க முடியாது," என்றார் அம்மா. பிறகு நயினாரைப் பார்த்தார். "ஐயா, நீங்க நாளைக்குப் போகலாம். சேதி வர்ற வரைக்கும் இவரைப் பார்த்துக்குங்க."

"நான் என்னம்மா பண்ணுவேன்?"

"தெரியல. ஓடைக்குள்ள இறங்க விடாதீங்க, அது போதும்."

நயினார் அவருக்கு மாற்றுத்துணி கொடுத்தார். கஞ்சி கொடுத்தார். செங்கோட்டுவேல் கஞ்சியைத் தொடவில்லை. உட்காருவார், எழுந்து வாசலுக்குப் போய் ஓடைச் சத்தத்தைக் கேட்பார். மூன்றாவது முறை அவர் செருப்பைத் தேடியபோது, நயினார் மாட்டுக் கொட்டகையிலிருந்து கிழிந்த தார்ப்பாய் ஒன்றை இழுத்து வந்து போட்டார். கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்தார்.

"மழை உள்ளே அடிக்குது. மாடு நனையுது. எனக்குத் தைக்க வராது."

லாரிக்காரருக்குத் தார்ப்பாய் தைப்பது கைப்பழக்கம். அவர் வேண்டாவெறுப்பாக ஊசியில் சணலைக் கோத்தார். ஆனால் இரண்டு தையல் போட்டதும் கை நின்றுவிட்டது. கண் கலங்கியது.

அப்போதுதான் நயினார் பேச ஆரம்பித்தார். ஏன் அதைச் சொல்லத் தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரு கப்பல் பனிக்கடல்ல மாட்டிக்கிச்சு. சுத்தி ஐஸ். முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. ஆளுங்க எல்லாம் மனசு விட்டுப் போய் உட்கார்ந்துட்டாங்க. கேப்டன் வந்து பார்த்தார். பாய்மரத்துல நல்லா இருந்த பாயை இறக்கி, தையலை எல்லாம் பிரிச்சு, மறுபடியும் தைங்கன்னார்."

செங்கோட்டுவேல் நிமிர்ந்தார். "நல்லா இருந்த பாயையா? எதுக்குங்க?"

"அவங்களும் அதைத்தான் கேட்டாங்க. தைச்சு முடிங்க, சொல்றேன்னார்."

செங்கோட்டுவேல் கை மறுபடி அசைந்தது.

நயினார் நிறுத்தவில்லை. குளிர் கூடக் கூட அந்த ஆட்கள் எப்படிப் படுத்தார்கள் என்று சொன்னார். கூட்டில் தேனீக்கள் போல ஒன்றாக நெருங்கி, ஓரத்தில் இருப்பவன் நடுவுக்கும் நடுவில் இருப்பவன் ஓரத்துக்கும் முறை மாற்றி மாற்றிப் படுத்தார்களாம். சமையல்காரன் புளித்த மாவைச் சட்டியோடு தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றினானாம். பிஸ்கட் குறைந்துகொண்டே வந்தது. திருடன் யாரென்று கேப்டன் கண்டுபிடித்தார்.

"எப்படிங்க கண்டுபுடிச்சாரு?"

"எல்லார் தாடியையும் பார்த்தார். ஒருத்தன் மட்டும் தாடியைத் தினமும் சீவியிருந்தான். தூள் ஒட்டியிருக்கக் கூடாதுன்னு."

செங்கோட்டுவேல் உதட்டோரம் லேசாக நெகிழ்ந்தது. "அப்புறம்? அவனைக் கடல்ல தள்ளிட்டாங்களா?"

"இல்ல. பிஸ்கட் பெட்டிச் சாவியை அவன்கிட்டயே குடுத்தார். அன்னிலேருந்து ஒண்ணுகூடக் குறையல."

கதை கேட்டபடியே செங்கோட்டுவேல் கஞ்சியைக் குடித்தார். தார்ப்பாய் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கியது. ஐஸில் ஒரு விரிசல் தெரிகிறது என்று நயினார் சொல்லிக்கொண்டிருந்தபோது, கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்திய பிறகு, மழைக் கோட்டு போட்ட வனக்காவலர் ஒருவர் சாய்ந்த மரத்தைத் தாண்டி நடந்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. வேறு ஆபத்து இல்லை. பேசுகிறார். மச்சான் சாப்பிட்டாரா என்று கேட்டாராம்.

செங்கோட்டுவேல் தார்ப்பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து அங்கேயே தூங்கிவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நயினார் நோட்டுக் கட்டோடு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, அந்தக் கப்பல் கதை எந்த நூல்னு தேடினேன். இல்ல. கடல் பயணம்னு நாலஞ்சு இருக்கு. ஒண்ணுல 'அலுப்பு, முடிக்கவில்லை'ன்னு எழுதியிருக்கேன். பாயைப் பிரிச்சுத் தைச்ச கேப்டன் எதுலயும் இருந்த மாதிரி தெரியல. தேனீ விஷயம் இப்போ படிச்சது. தாடி சீவினவன் ஏதோ துப்பறியும் நாவல்ல வந்தவன், அதுல அவன் திருடினது பிஸ்கட்டே இல்ல. மாவுச்சட்டி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

"ம்."

"எங்க அண்ணன் மாதிரியே நானும் இல்லாததைச் சொல்ல ஆரம்பிச்சிட்டேன்."

"மத்தியானத்துலேருந்து பேசினீங்க. எங்கயாவது வார்த்தை வராம நின்னீங்களா?"

நயினார் யோசித்தார். சொன்னதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா."

"அவர் யாருன்னு மறந்துச்சா? எதுக்காகப் பேசிட்டு இருக்கீங்கன்னு மறந்துச்சா?"

"அது எப்படிம்மா மறக்கும்?"

"ரோடு திறந்ததும் டாக்டர்கிட்டயும் காட்டிடுவோம். நானும் கூட வர்றேன். இப்போ வந்து சாப்பிடுங்க."

நயினார் அன்று வயிறாரச் சாப்பிட்டார். நோட்டுக் கட்டு அம்மாவின் அறையிலேயே கிடந்தது. அதை எடுக்க அவருக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. கீழே மரத்தை அறுக்கும் சத்தம் கேட்டது. போனில் சிக்னல் வந்துவிட்டது. செங்கோட்டுவேல் முற்றத்தில் நின்று மாப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் குரல், மடம் முழுவதும் கேட்டது. நயினாரும் அம்மாவும் வாசலுக்கு வந்தார்கள்.

"கேளுங்க மாப்பிள்ளை. காஷ்மீர்ப் பக்கம் ஒரு லாரி பனியில மாட்டிக்கிச்சு. ஓனரும் கூட வந்திருக்காரு. ஆளுங்க எல்லாம் அப்படியே ஒடிஞ்சு போய் உக்காந்துட்டாங்க. அந்த ஓனரு என்ன பண்ணாரு தெரியுமா? நல்லா இருந்த தார்ப்பாயைப் பிரிச்சுத் தைங்கடான்னுட்டாரு. இதுல கிளீனரு ஒருத்தன் பிஸ்கட்டைத் திருடித் திங்கறான். தாடி வச்சவன். அவன் என்ன பண்ணான்னா... சிரிக்காதீங்க, விலா வலிக்கும். செரி, மெதுவாச் சிரிங்க."

நயினார் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அவர் தப்பாச் சொல்றார். லாரி இல்ல, கப்பல். ஓனர் இல்ல, கேப்டன். போய்த் திருத்திட்டு வர்றேன்."

அவர் இரண்டு படி இறங்கிவிட்டார்.

"ஐயா," என்று அம்மா கூப்பிட்டார்.

நயினார் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் புத்தகத்துல அப்படி இருக்கு?"

நயினார் அடுத்த படிக்கு நீட்டிய காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, லாரி பனியிலிருந்து வெளியே வந்த கதையைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினார்.