எட்டாம் மாதத்துப் படம்

எக்ஸ்ரே அறையின் சாவி அன்று காலையில்தான் குலசேகரன் கைக்கு வந்தது. அதுவரை டாக்டர் எஸ்தரிடம் இருந்தது. அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

முதல் பிரசவத்துக்கு வரும் பெண்களுக்கெல்லாம் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். பிள்ளையின் தலை கீழே இருக்கிறதா, இடுப்பெலும்பு வழிவிடுமா என்பது முன்பே தெரிந்துவிடும்.

அந்த நாளில் சீமையில் ஒரு பெண் மருத்துவர், புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். வயிற்றில் பிள்ளை இருந்தபோது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் மற்ற தாய்மார்களைவிட அவர்களில் அதிகம் என்று எழுதினார். பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குப் படம் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"அங்கே ஒரு பொம்பளை எழுதினதுக்கு இங்கே ஒரு பொம்பளை ஆடுறா" என்றார் ஆஸ்பத்திரித் தலைவர். எஸ்தருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

குலசேகரனிடம் முதலில் வந்தவள் இசக்கியம்மாள். எட்டு மாதம். கழுவியெடுத்த படத்தை அவன் ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்தபோது அவளும் எட்டிப் பார்த்தாள்.

"இதாய்யா எம்புள்ள?"

"ஆமா. தலை கீழதான் இருக்கு. பயப்படாதே."

அவள் படத்தையும் அவனையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு அவனை என்னவோ செய்தது. மத்தியானம் எஸ்தர் வீட்டுக்குப் போனான். அவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எக்ஸ்ரேயால ஆபத்துன்னு நிரூபணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"அப்புறம் எதுக்கும்மா இந்த வீம்பு?"

எஸ்தர் ஒரு புடவையை மடித்து வைத்தார். "உன் மனைவிக்கு இப்போ எத்தனை மாசம்?"

"அவளுக்கும் எட்டுதான்."

"தலைப்பிள்ளை. படம் எடுத்துட்டியா?"

குலசேகரன் தரையைப் பார்த்தான். "இல்லை."

"ஏன்? சாவி உன் கையிலதானே இருக்கு?"

"அவளுக்கு எதுக்கும்மா? நல்லாத்தான் இருக்கா. வீணா எதுக்கு..."

"இன்னைக்கு வேற யாருக்காவது எடுத்தியா?"

"எடுத்தேன். ஒரு பொண்ணுக்கு. தலைவர் உத்தரவு போட்டா நான் என்னம்மா செய்ய முடியும்?"

எஸ்தர் பெட்டியைப் பூட்டினார். வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தான். வண்டியில் ஏற்றிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"அம்மா, அந்தப் பொண்ணோட பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாம இருக்கலாம்."

அவனுக்கு மூச்சு வந்தது. "அது போதும்மா."

எஸ்தர் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அவ பிள்ளைக்கு இந்த 'லாம்' போதும். உன் பிள்ளைக்குத்தான் போதலை."