கருமலையில் ஊன்றிய குச்சிகள்

கருமலைக் காட்டில் வெள்ளாயி என்றொரு காட்டுக்கோழி இருந்தது. மழை பெய்தால் குஞ்சுகள் நனைந்துவிடுமே என்று அதற்குக் கவலை. மழை நின்றால் ஓடை வற்றிவிடுமே என்று கவலை. ஒன்றுமே இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று கவலை.

ஆனால் ஒரு கவலையில் நியாயம் இருந்தது. போன கோடையில் அதன் குஞ்சுகளில் பாதி பசியால் செத்துப்போயின. இந்த முறை பொரித்தவற்றில் கடைக்குட்டியான வத்தலு, பேருக்கு ஏற்றபடி காய்ந்த மிளகாய் கனம்தான் இருந்தது. இந்தக் கோடையை எப்படியோ தாண்டிவிட்டது. அடுத்த கோடையைத் தாங்குமா? இதை நினைத்து வெள்ளாயி ராத்திரியெல்லாம் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் கருமலை வறண்ட காடு இல்லை. மண் கறுப்பாக, கால் புதையும்படி இருக்கும். நடுவில் ஓடை. இருந்தும் பங்குனி பிறந்தால் எல்லா வயிறும் ஒட்டிவிடும்.

எதிரே இருந்த செம்பாறைக் குன்றில் ஓடை கிடையாது. ஒரு சின்ன ஊற்று, மிச்சமெல்லாம் பாறை. ஆனால் அங்கே கோடையிலும் தினை இருந்தது, கிழங்கு இருந்தது. கருமலை மிருகங்கள் தேனடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், கெஞ்சிக் கூத்தாடித் தினை வாங்கி வரும்.

கோடை முடிந்து முதல் மழை விழுந்த ஒரு காலையில் கருமலை மிருகங்கள் எல்லாம் வேங்கை மரத்தடியில் கூடின.

"அவங்க மண்ணு சிவப்பு. அதுதான் ராசி!" என்றது காட்டுப்பன்றி கருப்பட்டி.

"போ மாமா! நான் நாலு காடு சுத்தினவன்," என்றது தாவுராசு குரங்கு. "வடக்கே ஒரு காட்டுல மண்ணு வெள்ளை. அங்கேயும் வயிறு நிறையுது. மேற்கே ஒரு காட்டுல தண்ணி கரை புரளுது. அங்கே நம்மளைவிடப் பட்டினி! மண்ணும் இல்ல, தண்ணியும் இல்ல. விதையிலதான் ரகசியம்!"

"விதையாம் விதை!" என்று முட்களைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி ஈட்டியப்பன். "போன வருஷம் நான் வள்ளிக்கிழங்குத் துண்டு ஒண்ணைப் புதைச்சேன். மறுநாள் போய்ப் பார்த்தா வெறும் குழி. யாரு தின்னது?"

எல்லாம் வானத்தைப் பார்த்தன. கருப்பட்டி மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது.

கருமலையில் அதுதான் வழக்கம். புதைத்தது யார் கண்ணில் பட்டதோ, அவருக்கே சொந்தம். அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. "நான் தோண்டலேன்னா இன்னொருத்தர் தோண்டிடுவார்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

"யாராவது போய் அந்த ரகசியத்தைப் பார்த்துட்டு வரணும்," என்றது தாவுராசு. "வெள்ளாயி அக்கா, நீதான் எதையும் நம்பாத ஆளு. நீ போ!"

வெள்ளாயி குஞ்சுகளைப் புதரில் ஒளித்துவைத்து, ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பியது.

செம்பாறைக் குன்றில் பூவாத்தா என்ற கௌதாரி அதை வரவேற்றது. ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். பாறை இடுக்குகளில் மண்ணைச் சுமந்து கொட்டியிருந்தார்கள். வெள்ளாயி பேசிக்கொண்டே வந்தது. அதன் கால் மட்டும் தன் பாட்டுக்கு ஒரு மண்மேட்டைக் கிளறியது.

"அடியே, காலை எடு!" என்று கத்தியது பூவாத்தா. "அது முயல் விதைச்ச தினை. குச்சி ஊன்றியிருக்கே, கண்ணு தெரியலையா?"

மேட்டின் மேல் ஒரு காய்ந்த குச்சி நின்றது. அப்போதுதான் வெள்ளாயி பார்த்தது. குன்று முழுக்கக் குச்சிகள்!

"அந்தக் குச்சியில என்ன இருக்கு? முள்ளா? விஷமா?"

"ஒண்ணும் இல்லையே. வெறும் ஆமணக்குக் குச்சி."

"ராத்திரி காவலுக்கு யாரு?"

"காவலா? எதுக்கு?"

"பின்னே ஏன் ஒருத்தரும் தோண்டலை?"

பூவாத்தா விழித்தது. "ஏன் தோண்டணும்? அதான் குச்சி ஊன்றியிருக்கே!"

பிறந்ததிலிருந்து யாரும் தோண்டிப் பார்க்காத இடத்தில், ஏன் தோண்டவில்லை என்று கேட்டால் யாருக்குத்தான் சொல்லத் தெரியும்? ஆனால் வெள்ளாயிக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக அது நினைத்தது.

"குச்சிதான்! எல்லாம் அந்தக் குச்சிதான்!" என்று ஓட்டமும் பறப்புமாகக் கருமலைக்குத் திரும்பியது.

அன்றே எல்லாம் ஆமணக்குக் குச்சி ஒடித்து வந்தன. தாவுராசு கடலை விதைத்துக் குச்சி ஊன்றியது. ஈட்டியப்பன் கிழங்கு புதைத்துக் குச்சி ஊன்றியது. வெள்ளாயி தினை தூவிக் குச்சி ஊன்றியது. காடே கண்காட்சி போல இருந்தது.

விடிந்து பார்த்தால் ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் ஒரு குழி!

"முன்னாடியாவது எங்கே புதைச்சிருக்குன்னு மோப்பம் பிடிச்சு அலையணும்," என்று ஏப்பம் விட்டது கருப்பட்டி. "இப்ப அந்தக் கஷ்டமும் இல்ல. நல்ல ரகசியம் கொண்டுவந்தே, வெள்ளாயி!"

எல்லாம் சிரித்தன. சிரித்து முடித்ததும் ஏசின. வெள்ளாயி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு புதருக்குள் போனது. அதன் தினையை வேறு யாரும் தின்னவில்லை. பயத்தில், விடிவதற்கு முன்னாலேயே தானே கிளறித் தின்றிருந்தது.

வத்தலு வந்து அதன் இறகுக்குள் நுழைந்துகொண்டது. "அம்மா, நான் முட்டைக்குள்ள இருந்தப்போ நீ என்னை ஒடைச்சுப் பார்த்தியா?"

"சீ, என்ன பேச்சு! ஒடைச்சா நீ ஏது?"

"உள்ளே நான் இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரியாமத்தான் உட்கார்ந்திருந்தேன்." சொல்லிவிட்டு வெள்ளாயி அப்படியே நின்றுவிட்டது. இத்தனை கவலைக்காரி, அத்தனை நாள் ஒரு முட்டையைக்கூடக் கொத்திப் பார்க்காமல் எப்படி உட்கார்ந்திருந்தேன்?

அது நேரே ஈட்டியப்பனின் வளைக்குப் போனது. முள்ளம்பன்றி தன் கடைசிக் கிழங்குத் துண்டைக் கடிக்கப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, அதைத் தின்னாதே. புதை. மேலே நான் அடை உட்கார்றேன்."

ஈட்டியப்பன் சந்தேகமாகப் பார்த்தது. "நீயா? மண்ணைக் கண்டா உன் காலு சும்மா இருக்குமா?"

"இருக்கும். என்கிட்டயும் ஒரு பிடி தினை இருக்கு. வத்தலுக்குன்னு ஒளிச்சு வெச்சது. அதை விதைக்கிறேன். அதை நீ பார்த்துக்கோ."

"உன் தினையை நான் தின்னுட்டா?"

"உன் கிழங்கு என் காலடியிலதானே இருக்கு!"

ஈட்டியப்பன் யோசித்தது. பிறகு சிரித்தது. "சரி, கிழங்கைப் புதைக்கிறேன். உன் தினைகிட்ட எவன் வர்றான்னு நானும் பார்க்கிறேன்."

இப்படியாகக் கோழி கிழங்கின் மேல் உட்கார்ந்தது. முள்ளம்பன்றி தினையின் பக்கத்தில் முள்ளை விரித்துக்கொண்டு படுத்தது. காடே வந்து வேடிக்கை பார்த்தது. "முட்டை வெச்சிருக்கியா அக்கா? கிழங்குக்குஞ்சு எப்ப பொரியும்?" என்று கிளையிலிருந்து தாவுராசு கேலி செய்தது.

கேலியைத் தாங்கிவிடலாம். பசியைத் தாங்குவதுதான் பாடு. கையிருப்புத் தினையும் மண்ணுக்குள் போய்விட்டது. வெள்ளாயி அவ்வப்போது எழுந்து ஓடி, கறையான் பொறுக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு ஓடி வந்து உட்காரும். அது போதவில்லை. ஒரு மத்தியானம் வத்தலு நடக்கக்கூட முடியாமல் வந்து படுத்தது.

"அம்மா, உன் வயித்துக்குக் கீழேதான் கிழங்கு இருக்கே. கொஞ்சூண்டு?"

வெள்ளாயியின் நகங்கள் தாமாகவே மண்ணில் இறங்கின. ஒரு கிளறல் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? ஈட்டியப்பன் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது.

அது காலை மெல்ல மடக்கிக்கொண்டது. "அது நம்மளோடது இல்லடா, கண்ணு. வா, இறகுக்குள்ள வா," என்றது.

அந்த நேரம் பார்த்துக் கருப்பட்டி வந்து நின்றது. பின்னால் அதன் குட்டிகள். அவற்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

"எந்திரி வெள்ளாயி. நான் தோண்டலேன்னா இன்னொருத்தர் தோண்டிடுவார்."

"யாரு அந்த இன்னொருத்தர்?" என்றது வெள்ளாயி. "சொல்லு மாமா, யாரு? நான் தோண்டலை. என் குஞ்சு பசியில படுத்திருக்கு, நான் தோண்டலை. ஈட்டியண்ணன் என் தினையைத் தொடலை. இன்னொருத்தர்னு இங்கே நீ ஒருத்தர்தான் பாக்கி!"

கருப்பட்டி மண்ணை மோந்தது. கோழியின் நெஞ்சோடு அதன் மூக்கு முட்டியது. வெள்ளாயி அசையவில்லை. "வேணும்னா என்னை மிதிச்சுட்டுத் தோண்டு."

பன்றி வத்தலைப் பார்த்தது. தன் குட்டிகளைப் பார்த்தது.

"என்கிட்டயும் ஒரு கிழங்கு இருக்கு," என்றது கடைசியில், முனகலாக. "புதைச்சா யாரு பார்த்துப்பாங்க?"

"நான் பார்த்துக்கிறேன், மாமா!" என்று மரத்திலிருந்து குதித்தது தாவுராசு. அது இப்போது சிரிக்கவில்லை.

கருப்பட்டி கிழங்கில் பாதியைப் புதைத்தது. மீதியைக் கடித்துக் குட்டிகளுக்குப் போட்டது. போகிறபோக்கில் ஒரு துண்டை வத்தலின் முன்னாலும் தள்ளிவிட்டுப் போனது.

அடைமழை தொடங்கியது. ஒருநாள் காலை வெள்ளாயியின் வயிற்றை ஏதோ குறுகுறுத்தது. எழுந்து பார்த்தால், ஊதா நிறத்தில் ஒரு முளை!

அந்த முளையைப் பார்க்க மொத்தக் காடும் வந்தது. யாரும் தொடவில்லை. மறுவாரம் முயல் விதைத்தது, மயில் பார்த்துக்கொண்டது. தன்னது தனக்குத்தான் என்று தெரிந்ததும், மான்கள்கூட ஓடைக்கரையில் கல் உருட்டித் தண்ணீரைத் திருப்பத் தொடங்கின.

அடுத்த பங்குனியில் செம்பாறைக் குன்றிலிருந்து பூவாத்தா, கிழங்குக்குத் தினை மாற்றிக்கொள்ள வந்தது. வத்தலு கொழுகொழுவென்று அதன் குறுக்கே ஓடியது.

"குச்சி ஒண்ணுகூடக் காணோமே! எல்லாம் எங்கேடி?" என்றது பூவாத்தா.

"கொடி படர ஊன்று கொடுத்துட்டோம். எல்லாம் இலைக்குள்ள மறைஞ்சிருக்கு," என்றது வெள்ளாயி. உடனே வானத்தைப் பார்த்து, "இந்த வருஷம் மழை கொஞ்சம் அதிகமாயிடுமோ?" என்று கவலைப்பட ஆரம்பித்தது.

மண்ணும் நீரும் எவ்வளவு இருந்தாலும், ஒருவர் விதைத்ததை மற்றவர் காக்கும் நாட்டில்தான் பசி தீரும், வளம் பெருகும்.