அணைத்தவர் கையெழுத்து

பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கலியபெருமாளின் விமானம் கிளம்பவில்லை.

பறக்காத விமானம்தான், திரையில் ஓட்டுவது. பல்லாவரத்தில் அவர் வீட்டுப் பின்னறையில் இருந்தது. ஒரு இருக்கை, நாற்பது சுவிட்ச், மூன்று திரை, ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கட்டியது.

அச்சு அசல் என்பார். நிஜ விமானத்தில் எது தேயுமோ, இதிலும் தேயும். எது தீருமோ, பெட்ரோலோ பேட்டரியோ, தீரும். கம்ப்யூட்டரை மூடிவைத்தாலும் மென்பொருள் நாள் கணக்கை விடாது.

அதைக் காட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை தன் வாட்ஸ்அப் விமானக் குழுவைக் கூப்பிட்டிருந்தார். உட்கார்ந்தார். பேட்டரி சுவிட்ச் ஏற்கெனவே மேலே இருந்தது. நாம்தான் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு விளக்கும் எரியவில்லை.

"கேப்டன், இறங்கித் தள்ளட்டுமா?" என்றான் ஒருவன்.

சிரித்தார்கள். டீ குடித்தார்கள். போனார்கள்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மென்பொருள் குப்பை, செய்தவனுக்கு விமானமே தெரியாது என்று குழுவில் எழுதினார். அதோடும் விடவில்லை. ஓசூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"தூசி தட்டறேன்னு எதைத் திருகித் தொலைச்சே?"

"நான் வியாழக்கிழமை காலையிலயே இங்க வந்துட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் செலினை வரச் சொன்னார்.

செலின் ஹேங்கர் எனும் விமானக் கொட்டகையில் நிஜ விமானங்களைப் பழுதுபார்ப்பவள். வயது முப்பத்தாறு. அவருக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அவளிடம்தான் பாடம் கேட்பார். குருவே என்றுதான் கூப்பிடுவார். பாதி விளையாட்டு.

"குருவே, மென்பொருள்ல கோளாறு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லேன்னா அவனுங்க முகத்துல முழிக்க முடியாது."

செலின் இருக்கையில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"பறக்கிறது எப்ப சார் முடியும்?"

"சக்கரம் தரையில பட்டதும்."

"சரி" என்றாள்.

அந்தச் சரி அவருக்குப் பிடிக்கவில்லை.

"நோட்டை எடுங்க."

நோட்டு அவள் சொல்லி வைத்தது. நிஜ விமானத்தில் எந்த வேலையைச் செய்தாலும் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விமானம் நகராது. அதே போல இவரும் வைத்திருந்தார். பறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: பேட்டரியை அணைத்தவர்.

ஒன்றரை வருஷம். எல்லா வரியிலும் அவர் கையெழுத்து. வெள்ளி, சனிக்கு வரி இல்லை; அன்று அவர் பறக்கவில்லை.

"வியாழக்கிழமை சாயங்காலம் அணைச்சீங்களா?"

"கையெழுத்து இருக்கே."

"எப்பப் போட்டீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "கிளம்பறதுக்கு முன்னாடியே மொத்தமாப் போட்டுடுவேன். வசதி."

செலின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எந்த சுவிட்சை எப்போது தொட்டாலும் மென்பொருள் குறித்துவைக்கும். வியாழக்கிழமை: தரையிறங்கியது ஆறு நாற்பது. பேட்டரி அணைந்தது என்ற இடம் காலி.

"மூணு நாள் எரிஞ்சிருக்கு. பேட்டரி செத்துடுச்சு. நிஜ விமானத்துலயும் செத்திருக்கும். மென்பொருள் சரியாத்தான் இருக்கு."

கலியபெருமாளுக்குக் காது சுட்டது.

"ஒரு நாள் மறந்துட்டேன். மனுஷன்தானே."

"ஒரு நாளா?"

மேலே நகர்த்திக் காட்டினாள். புதன்: இறங்கியது ஆறு முப்பத்தைந்து, அணைந்தது ஆறு ஐம்பது. செவ்வாய்: பதினாலு நிமிஷம் கழித்து. திங்கள்: பதினேழு.

"இறங்கினதும் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன், செய்தி பார்ப்பேன்."

"எங்க?"

"ஹால்ல."

"சுவிட்ச் எங்க இருக்கு?"

அவர் திரும்பி சுவிட்சைப் பார்த்தார்.

செலின் பேட்டரி சுவிட்சின் வெள்ளைக் குமிழில் விரலை வைத்தாள். நுனியில் மஞ்சளாக இருந்தது. பிளாஸ்டிக் பழசாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்த மஞ்சள். நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்து வந்தது, மஞ்சள் பொடி.

"சமையல் யாரு சார்?"

அவர் போனை எடுத்தார். மனைவி நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது.

"அந்த ரூம்ல... நான் எழுந்து போனப்புறம்... நீ ஏதாவது அணைப்பியா?"

"ஆமா. ஃபேனை அணைக்கப் போவேன். ஒரு பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டே கிடக்கும். மேல தூக்கி விட்டிருப்பீங்க, கீழ தள்ளுவேன். அப்புறம் கம்ப்யூட்டரை மூடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன், தப்பா?"

"இல்ல" என்றார்.

"குழந்தை அழுவுது. வெச்சுடறேன்."

பிறகு குழுவைத் திறந்து எழுதினார். மென்பொருளில் கோளாறு இல்லை. கோளாறு நான். பேசிய பேச்சுக்கு மன்னிக்கவும்.

செலினிடம் காட்டினார். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்க ஹேங்கர்ல, செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் வீட்டுலதானே இருக்கேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"முதல் பக்கத்துலேர்ந்து அடிங்க."

அடித்தார். ஒவ்வொரு கையெழுத்தாக. பக்கம் பக்கமாக. கை வலித்தது. நிறுத்தவில்லை. வியாழக்கிழமை வரியில் தன் பெயரை அடித்துவிட்டு, கட்டத்தைக் காலியாக விட்டார்.

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"கையெழுத்துப் போட அவ ஊர்ல இல்லையே, குருவே."

இந்தத் தடவை அதில் விளையாட்டு இல்லை.

"வந்து போடட்டும். பேரையாவது எழுதுங்க."

முதல் வரியின் கடைசிக் கட்டத்தில் மெதுவாக எழுதினார்.

திலகவதி.