அன்னப்பழத்தின் குறுக்கு விசாரணை

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் என்றொரு ரிட்டயர்டு ஜட்ஜ். எதற்கெடுத்தாலும் அவருக்கு ஆதாரம் வேண்டும். ஒரு ஞாயிறு காலை, பைபிளும் கையுமாகக் கோயிலுக்குப் புறப்பட்ட சமையல்காரி அன்னப்பழத்தை வாசலில் மறித்தார்.

"உங்க இயேசு கடவுள்தான்னு நிரூபி. இல்லேன்னா இனிமே ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது."

"சரிங்கய்யா. ஒண்ணு கேக்கட்டா? அம்மாவை ஜாதகம் பொருந்தித்தானே கட்டுனீங்க?"

"எங்கே பொருந்துச்சு? ஒரு பொருத்தமும் இல்லைன்னான் ஜோசியன். எந்திரிச்சுப் போய்யான்னுட்டேன்!"

"பிறகு எந்த ஆதாரத்துல கட்டுனீங்க?"

இதற்கான பதிலைக் கேட்க, அடுப்படியிலிருந்து ஜட்ஜின் வீட்டம்மாவே கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஆதாரமென்ன ஆதாரம்? இவதான்னு முடிவு பண்ணினேன், கட்டிக்கிட்டேன்!" என்றார் ஜட்ஜ் அவசரமாக.

"நானும் அப்படித்தான்யா. இவருதான்னு முடிவு பண்ணிட்டேன்."

அம்மா கரண்டியைக் கணவர் கையில் கொடுத்தாள். "நீ கோயிலுக்குப் போ, அன்னப்பழம். இன்னைக்கு தோசை ஐயா சுடுவாரு."