யார் கையால் பூ?

கேளுங்கள், இது ஒரு முழம் பூவால் வந்த வழக்கு.

கனியம்மாளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். டீச்சர் டிரெயினிங்கில் கடைசிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஒன்று தங்குகிற வரைக்கும் படிக்கட்டும் என்பது மாமியார் பொன்னுத்தாயின் கண்டிஷன். அதனால் கனியம்மாளும் புருஷன் மாடசாமியும் கலந்து பேசி, ஆஸ்பத்திரியில் அவள் கருத்தடை ஊசி போட்டுவந்தாள். துணைக்குப் போகும் தங்கை செண்பகத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். மாமியாரோ பேரன் வேண்டிக் கோயில் தரையில் மண்சோறு தின்றுகொண்டிருந்தாள்.

செண்பகத்துக்கு வரன் கூடிவந்து, பூ வைக்கிற நாளும் வந்தது. வீடு கொள்ளாத சனம். மாப்பிள்ளையை மனசுக்குப் பிடித்துப்போனதால் செண்பகத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கனியம்மாள் ஆசையாகப் பூச்சரத்தை எடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வேண்டாம் தாயி. பிள்ளை பெத்தவ யாராச்சும் வைக்கட்டும்.”

மூத்தவளுக்கே தங்கவில்லை, இளையவளுக்கு மட்டும் தங்குமாக்கும் என்று பின்னால் ஒருத்தி ரகசியம் பேசினாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மாடசாமி எழுந்தான். “அவளைச் சொல்லாதீங்க. குறை எங்கிட்ட.”

பொன்னுத்தாய் பேயறைந்தவள் போலானாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் தெளிந்தது. இனி கனியம்மாள் வாய் திறக்காமல் இருந்தால் போதும். பரீட்சையும் எழுதலாம், தங்கை கல்யாணமும் நடக்கும். ஆனால் அவள் மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள்.

“அவுக சொல்லுதது பொய் அத்தை. படிப்பு முடியட்டும்னு நாந்தான் ஊசி போட்டுக்கிடுதேன்.”

“மண்சோறு தின்னேனடி பாவி. ஒரு வார்த்தை சொன்னியா?”

அந்த அமளியில் செண்பகம் அக்காள் முன்னால் தலையைக் குனிந்து நின்றாள். “நீயே வைக்கா. பிடிக்காதவுக எந்திரிச்சுப் போகட்டும்.”

புருஷன் பொய் சொல்லி மானத்தை விட்டான். பெண்டாட்டி உண்மையைச் சொல்லிப் படிப்பைப் பணயம் வைத்தாள். தங்கை வந்த வரனையே உதறத் துணிந்தாள். சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

விடை: கனியம்மாள்தான். தங்கை காட்டியது பாசம். ஆனால் பாசத்தால் ஊர்ச் சந்தேகம் தீராது. மாடசாமியின் பொய் அன்றைக்கு இனிக்கும். நாளைக்கே அவள் முழுகாமல் இருந்தால், குறையுள்ளவன் பெண்டாட்டிக்குப் பிள்ளை ஏது என்று அதே வாய்கள்தான் கேட்கும். இது முதலில் உறைத்தது பொன்னுத்தாய்க்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் சொன்னாள்: “பூவை வை. பரீட்சையை எழுது. அப்புறம் உன்னைப் பேசிக்கிடுதேன்.”